கிறிஸ்துமஸும் வானொலிச் சிரிப்பும்: அனுப்பர்பாளையத்துக் கேட்பிடத்திலிருந்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நகைச்சுவையும் இசையும் ஒரே மணிநேரத்தில் கலந்து வரும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்பது ஆங்கில வானொலியில் வேரூன்றிய வடிவம். தமிழ் வானொலியில் அத்தகைய வடிவம் உருப்பெறவில்லை. கிறிஸ்துமஸ் பக்திப் பாடலுக்குரிய நாளாகவும், நகைச்சுவை வேறொரு நேரத்துக்குரிய பண்டமாகவும் பிரிந்து நின்றன. தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் சிரிப்பும் பாட்டும் பெத்லகேமும் இணைந்த மரபு ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்திருக்க, வானொலியில் இப்பிரிவு ஏன் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. பெத்லகேம் குறவஞ்சி, மிஸ்ஸியம்மா (1955) திரைப்படத்தின் ஒலிவடிவம், இலங்கை வானொலியின் கோமாளிகளின் கும்மாளம் ஆகியவை எடுத்துக்கொள்ளப்படுகின்றன. இவற்றைக் கேட்கும் இடமாகத் திருப்பூரையடுத்த அனுப்பர்பாளையம் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வானொலி நகைச்சுவை, கிறிஸ்துமஸ், இலங்கை வானொலி, குறவஞ்சி, ஒலிச்சித்திரம், அனுப்பர்பாளையம், வட்டார வழக்கு.

முன்னுரை

வானொலியைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் நிலையத்திலிருந்து தொடங்குகின்றன. எந்த ஆண்டு எந்த நிலையம் தொடங்கப்பட்டது, யார் அறிவிப்பாளர், எந்த நாடகம் எத்தனை வாரம் ஒலித்தது என்னும் செய்திகள் இன்றியமையாதவையே. எனினும் வானொலி என்பது ஒலிபரப்பப்படுவது மட்டுமன்று, ஓரிடத்தில் கேட்கப்படுவதுமாகும். கேட்கும் இடத்தின் ஓசை, வேலை, ஓய்வு ஆகியவை எது காதில் விழும், எது விழாது என்பதை முடிவு செய்கின்றன.

அனுப்பர்பாளையம் இதற்குத் தக்க சான்று. திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் உள்ள இவ்வூர் செம்பு, பித்தளை, எவர்சில்வர் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அதைச் சூழ்ந்து பனியன் தொழில் வளர்ந்தது. ஒருபுறம் தகட்டின்மேல் சுத்தியல் விழும் பட்டறை, மறுபுறம் தையல் இயந்திரங்கள் ஓடும் கம்பெனி. இவ்விரண்டு பணியிடங்களிலும் கையும் கண்ணும் வேலைக்கு ஒப்படைக்கப்படுகின்றன, காது மட்டுமே மிஞ்சுகிறது. மிஞ்சிய காதும் முழுமையாகக் கிடைப்பதில்லை. சுத்தியல் ஓசைக்கு நடுவே பாட்டின் மெட்டு தப்பிப் பிழைக்கும். ஓர் அடி விடுபட்டாலும் கேட்பவர் அதை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார். நகைச்சுவைக்கு அந்தச் சலுகை இல்லை. முடிச்சு அவிழும் ஒரு சொல் விடுபட்டால் சிரிப்பு முழுவதும் போய்விடும். எனவே பாட்டு வேலை நேரத்துக்கும், பேச்சு நகைச்சுவை உணவு இடைவேளைக்கும் இரவுக்கும் உரியனவாக இயல்பாகவே பிரியும். வானொலியின் நிகழ்ச்சிப் பட்டியல் செய்த பிரிவைப் பேசுமுன், பட்டறையே செய்துவிடும் இப்பிரிவைக் குறித்துக்கொள்வது முறை.

இவ்வட்டாரத்துக்கு அகில இந்திய வானொலியின் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939-இலும் கோயம்புத்தூர் நிலையம் 1966-இலும் தொடங்கப்பட்டன. இவற்றோடு கடல் கடந்து வந்த இலங்கை வானொலியையும் சேர்த்தே இவ்வட்டாரத்தின் கேள்வியறிவை எண்ண வேண்டும்.

ஆங்கில வடிவமும் அதன் உள்முரணும்

ஒப்பீட்டுக்காக ஆங்கில வானொலியைச் சற்றுக் காணலாம். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் பாடல் வழிபாடு 1928-இல் முதன்முறையாக ஒலிபரப்பானது. பிரித்தானிய மன்னரின் கிறிஸ்துமஸ் உரை 1932-இல் தொடங்கியது. அதன் வாசகத்தை எழுதியவர் ருட்யார்டு கிப்ளிங். இவை இரண்டும் பெருமிதத்தின் பக்கம் நிற்பவை. அதே பத்தாண்டுகளில் அமெரிக்க வானொலியின் வாராந்தர நகைச்சுவை நிகழ்ச்சிகள் டிசம்பர் மாதத்துக்கெனத் தனி அத்தியாயங்களை எழுதத் தொடங்கின. ஜாக் பென்னியின் 1946-ஆம் ஆண்டு அத்தியாயம் இவற்றுள் பலராலும் சுட்டப்படுவது. கஞ்சன் ஒருவன் நண்பருக்குக் காலணிக் கயிறு வாங்குகிறான். அதன் முனை உலோகமாக இருக்க வேண்டுமா, பிளாஸ்டிக்காக இருக்க வேண்டுமா என்று முடிவு செய்ய இயலாமல் திரும்பத் திரும்ப வந்து மாற்றுகிறான். விற்பனையாளன் மெல்ல மெல்லப் பித்துநிலைக்குச் செல்கிறான். கதை அவ்வளவே.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியன. ஒன்று, பென்னி யூதர். கிறிஸ்துமஸ் சிரிப்பின் புகழ்பெற்ற மணிநேரம் கிறித்தவரல்லாத ஒருவரால் நடத்தப்பட்டது. இரண்டு, சிரிப்பு பிறப்பது மாட்டுத்தொழுவத்திலன்று, கடையில். அதாவது ஆங்கில வடிவமும் புனிதத்தைச் சிரிப்பின் எல்லைக்குள் விடவில்லை. பண்டிகையின் கொள்முதலைச் சிரிப்புக்குக் கொடுத்துவிட்டு அதன் நம்பிக்கையைப் பாட்டுக்கு ஒதுக்கிக்கொண்டது. எனினும் இரண்டும் ஒரே மணிநேரத்தில், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன என்பதே தமிழ் நிலையிலிருந்து அதை வேறுபடுத்துவது.

இக்கடைக்காட்சியை அனுப்பர்பாளையத்திலிருந்து காணும்போது அது வேறொரு பொருள் கொள்கிறது. மேலைநாடுகளின் கிறிஸ்துமஸ் விற்பனைக்கான பின்னலாடைச் சரக்கு டிசம்பருக்குப் பல வாரங்கள் முன்பே கப்பலேறிவிட வேண்டும். ஆகவே திருப்பூர் வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் என்பது மழைக்காலத்தில் இரவுப்பணியாக வந்து, நாள்காட்டியில் அது வரும்போது முடிந்துபோயிருக்கும் ஒரு பருவம். பென்னியின் கஞ்சன் மாற்றி மாற்றி வாங்கும் பொருளை மாற்றாமல் செய்து அனுப்புவோரின் ஊர் இது. அவர்களின் கிறிஸ்துமஸைப் பற்றிய நகைச்சுவை எந்த வானொலியிலும் உருவாகவில்லை.

தீபாவளியின் சிரிப்பு, கிறிஸ்துமஸின் மரியாதை

தமிழ் ஊடகத்தில் பண்டிகை நகைச்சுவை இல்லை என்று சொல்ல இயலாது. அது தீபாவளிக்கு உரியதாக இருந்தது. தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளை, சீர் கேட்கும் சம்பந்தி, புடவைக்கடையில் மனைவியின் பின்னால் பையோடு நிற்கும் கணவன், வெடிக்காத வெடி, கல்லாய்ப்போன மைசூர்பாகு ஆகியவை இதழ்களின் தீபாவளி மலர்களிலும் மேடை நாடகத்திலும் வானொலியிலும் பின்னர்த் தொலைக்காட்சியிலும் ஆண்டுதோறும் திரும்பி வந்தன. பென்னியின் கடைக்காட்சிக்கு இணையான தமிழ்ப் பண்டம் இதுவே. பண்டிகையைக் கொண்டாடுவோர் தம்மைத் தாமே நகையாடிக்கொள்ளும் உரிமை இதில் உள்ளது.

கிறிஸ்துமஸுக்கு இவ்வுரிமை வழங்கப்படவில்லை. அகில இந்திய வானொலியின் சமயப் பெருநாள் ஒலிபரப்பு பக்திப் பாடலையும் வாழ்த்துரையையும் தன் இயல்பான வடிவமாகக் கொண்டது. ஒலிபரப்பு நெறிமுறை சமயங்களையும் சமூகங்களையும் தாக்கிப் பேசுவதைத் தடுத்தது. அத்தடை நியாயமானதே, பல சமயத்தார் வாழும் நாட்டில் அரசு வானொலிக்கு வேறு வழியும் இல்லை. ஆயினும் தாக்கிச் சிரிப்பதற்கும் கூடிச் சிரிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நெறிமுறையால் எழுத இயலாது. எழுத்தாளர் அஞ்சி ஒதுங்குவார், நிலைய அலுவலர் இன்னும் ஒரு படி ஒதுங்குவார். இதன் விளைவாகப் பெரும்பான்மையின் பண்டிகைக்குச் சிரிப்பும், சிறுபான்மையின் பண்டிகைக்கு மரியாதையும் என்று பங்கீடு நிகழ்ந்தது. மரியாதை இழிவன்று. ஆனால் விருந்தினரை மட்டுமே ஒரு வீடு இடைவிடாத மரியாதையோடு நடத்தும்.

இசையிலும் ஒரு தடை இருந்தது. 1940-இல் ஆர்மோனியம் அகில இந்திய வானொலியிலிருந்து விலக்கப்பட்டு 1971-இல்தான் ஓரளவு திரும்ப அனுமதிக்கப்பட்டது. சுருதிநுட்பத்தைக் காக்கவே இத்தடை என்று வாதிடப்பட்டது. தமிழ்க் கிறித்தவரின் கீர்த்தனைப் பாடல் தேவாலயத்திலும் வீட்டு வழிபாட்டிலும் பெரிதும் சார்ந்திருந்த கருவிகளுள் ஒன்று ஆர்மோனியம் என்பதை நினைத்தால், அப்பாடல் வானொலிக்கு வரும்போது தன் வீட்டு ஓசையை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது புலனாகும். 1952-இல் திரையிசைக்கு ஏற்பட்ட கட்டுப்பாட்டைப் பற்றி விரிவாக எழுதிய ஆய்வாளர்கள் ஆர்மோனியத் தடையை இந்தக் கோணத்தில் கண்டதாகத் தெரியவில்லை.

பெத்லகேமில் ஒரு குறவன்

தமிழ்க் கிறித்தவ மரபே சிரிப்பற்றது, எனவே வானொலியைக் குறை சொல்வதில் பயனில்லை என்று ஒரு மறுப்பு எழலாம். இலக்கிய வரலாறு இதற்கு இடம் தரவில்லை. தமிழ் உரைநடை நகைச்சுவையின் முன்னோடி நூலான பரமார்த்த குருவின் கதையை எழுதியவர் சேசுசபைத் துறவியான வீரமாமுனிவர். பிரதாப முதலியார் சரித்திரத்தை (1879) நகைச்சுவைத் துணுக்குகளால் நிறைத்தவர் கத்தோலிக்கரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை. மறுப்பில் ஓர் உண்மை மட்டும் உண்டு. வீரமாமுனிவர் சூசையப்பரின் வரலாற்றையும் இயேசுவின் பிறப்பையும் தேம்பாவணியில் காப்பியப் பெருமிதத்தோடு பாடினார், சிரிப்பை மடையரான குருவுக்கும் சீடர்க்கும் ஒதுக்கினார். ஒரே கையால் எழுதப்பட்ட இரு நூல்களுக்கும் இடையே சுவர் இருந்தது.

அச்சுவரைத் துளைத்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவருடைய பெத்லகேம் குறவஞ்சி, குற்றாலக் குறவஞ்சியால் நிலைபெற்ற நாடக அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறது. தலைவன் கிறிஸ்து. அவன்மேல் காதல்கொள்ளும் தேவமோகினி திருச்சபை. குறிசொல்ல வரும் ஞானசிங்கி விசுவாசம். அவளைத் தேடி வரும் ஞானசிங்கன் நற்செய்திப் பணியாளன். அவன் கண்ணி வைத்துப் பிடிக்கும் பறவைகள் ஆன்மாக்கள்.

உருவகத்தின் இந்தப் பட்டியலை ஒப்பித்துவிட்டு நகர்வதே பெரும்பாலான ஆய்வுகளின் வழக்கம். உருவகம் எளிது, ஆகவே அது பாடநூல்களில் நிலைத்துவிட்டது. நிகழ்த்துகையில் நடப்பது வேறு. குறவஞ்சியின் கடைப்பகுதியை எழுந்து நிற்க வைப்பவர்கள் தலைவனும் தலைவியும் அல்லர், சிங்கனும் சிங்கியுமே. பிரிந்த மனைவியைத் தேடி அலையும் வேடன், அவளைக் கண்டதும் அவள் அணிந்திருக்கும் புதிய அணிகளைப் பார்த்து ஐயுற்றுக் கேட்கும் கேள்விகள், அவள் சாமர்த்தியமாகச் சொல்லும் விடைகள் ஆகிய இவற்றில்தான் அவையோர் சிரிப்பர். இந்தச் சிரிப்பில் காமம் கலந்திருக்கும். சாஸ்திரியார் காமத்தை வடிகட்டினார், அதனால் சிரிப்பின் ஒரு பகுதியும் வடிந்துபோயிற்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. குற்றாலத்துச் சிங்கனின் துடுக்கு ஞானசிங்கனுக்கு இல்லை. ஆயினும் வேடன் என்னும் பாத்திரம் தன் நடையையும் கண்ணியையும் பறவைகளையும் உடன்கொண்டே பெத்லகேமுக்கு வருகிறான். பாடலால் மட்டும் அடைய முடியாத ஒரு கூட்டத்தை அவனால் அடைய முடியும் என்று ஆசிரியர் நம்பியிருக்கிறார். சிரிப்பு இங்கே அலங்காரமன்று, அழைப்பின் ஒரு வழி.

சாஸ்திரியாரைத் தமிழிசைக்காக வாதாடிய வீரராக மட்டும் காட்டுவதும் பிழையாகும். 1829-ஆம் ஆண்டளவில் புதிய மிஷனரிகளோடு அவர் கொண்ட பூசலில், தேவாலய விழாக்களில் தமிழ்ப் பாடலைக் காக்கும் வாதமும் சாதி வேற்றுமையைக் காக்கும் வாதமும் ஒன்றாகவே வந்தன. பெத்லகேமுக்குக் குறவனை நாடகத்தில் அழைத்துவந்தவர், திருச்சபையின் இருக்கையில் எல்லோரும் ஒன்றாக அமர்வதை ஏற்க மறுத்தார். குறவஞ்சி என்னும் வடிவமே விளிம்புநிலை மனிதரை மேடையில் ஆட வைத்துச் சுவைப்பது என்ற குற்றச்சாட்டையும் இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும். யார் சிரிக்கிறார், யாரைக் கண்டு சிரிக்கிறார் என்னும் கேள்வி வானொலி நகைச்சுவையிலும் தொடர்ந்து வரும்.

இலங்கைக் கத்தோலிக்கரிடையே வழங்கும் வாசாப்பு நாடகங்களில் மூவரசர் வருகையும் கூத்தின் ஓசையோடு நடிக்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தெருக்களில் கேரல் பாடி வரும் குழுவின் நடுவே முகமூடியணிந்து ஆடும் கிறிஸ்துமஸ் தாத்தாவும் இந்த மரபின் எளிய வாரிசே. பறையோ டிரம்மோ முழங்க அவர் போடும் ஆட்டத்தைக் கண்டு குழந்தைகள் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்ப்பார்கள். அவர் மிட்டாய் கொடுப்பார், கைகுலுக்குவார், ஆனால் பேசமாட்டார். முகமூடி பேசவிடாது. தமிழ்க் கிறிஸ்துமஸின் கோமாளி ஊமையாக இருப்பதால் வானொலியின் ஒலிவாங்கி முன் அவருக்கு வேலையில்லை. சிங்கன் பேசுபவன், பாடுபவன், மனைவியிடம் தோற்பவன். அவனே வானொலிக்கு உரியவன். அவனை யாரும் அழைக்கவில்லை.

மிஸ்ஸியம்மா: கேட்கப்படும் திரைப்படம்

அழைக்கப்படாத இடத்தைத் திரைப்படம் நிரப்பிற்று. திரைப்படத்தின் உரையாடலையும் பாடலையும் சுருக்கித் தொகுத்து ஒலிபரப்பும் ஒலிச்சித்திரம், காட்சியை இழந்த திரைப்படத்தை ஒரு வானொலி நாடகமாக மாற்றியது. ஒலியாகக் கேட்கும்போது மிஸ்ஸியம்மா (1955) தமிழில் கிடைக்கும் கிறித்தவப் பின்னணி கொண்ட நகைச்சுவை–இசை மணிநேரத்துக்கு மிக நெருங்கி வருகிறது. எல்.வி. பிரசாத் இயக்கத்தில், எஸ். ராஜேஸ்வர ராவ் இசையில், தஞ்சை ராமையாதாஸின் எழுத்தில் வந்த படம் அது. வேலையில்லாப் பட்டதாரிகளான பாலுவும் (ஜெமினி கணேசன்) மேரியும் (சாவித்திரி), கணவன் மனைவியாக நடித்து ஒரு ஜமீன்தாரின் பள்ளியில் வேலைக்குச் சேர்கின்றனர். மேரி இந்துப் பெண்ணாகவும் நடிக்க வேண்டும். துப்பறிகிறேன் என்று குறுக்கும் நெடுக்கும் அலையும் தங்கவேலு ஒவ்வொரு துப்பையும் தவறாகப் படிக்கிறார்.

காட்சி இல்லாதபோது இந்நகைச்சுவை கூர்மை பெறுகிறது. திரையில் மேரியின் நெற்றிப் பொட்டும் முகச்சுளிப்பும் நடிப்பைக் காட்டிக்கொடுக்கும். ஒலியில் இருப்பது குரல் மட்டும். ஒருத்தியின் சமயத்தைக் குரலைக் கொண்டு கேட்பவரால் அறிய இயலாது, வீட்டாராலும் அறிய இயலாது. கேட்பவர் ஏமாற்றுவோரின் பக்கம் சேர்ந்துவிடுகிறார். பி. லீலாவின் குரலில் வரும் மேரி மாதாப் பாடல், ஒலிச்சித்திரத்தில் இந்தப் பொய்யின் நடுவே திறக்கும் ஒரே மெய்யான கதவு. அதுவரை மாறுவேடத்தில் இருந்த குரல் அப்பாடலில் தனக்குரிய பெயரில் பேசுகிறது. அப்பாடலின் அமைதியும் தங்கவேலுவின் உளறலும் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்பதே இப்படைப்பின் சாதனை.

இப்படத்தைச் சமய நல்லிணக்கத்தின் எடுத்துக்காட்டாகப் பாராட்டுவது வழக்கம். முடிவை நோக்கினால் அப்பாராட்டு தயங்க வேண்டியதாகிறது. மேரி பிறப்பால் அந்த ஜமீன்தாரின் காணாமற்போன மகள் என்பது வெளிப்படுகிறது. திருமணத்துக்கான தடை நீங்குவது இரு சமயத்தார் மணந்துகொள்ள ஒப்பியதால் அன்று, ஒருத்தி கிறித்தவளே அல்லள் என்று கதை கண்டறிந்ததால். இரண்டரை மணிநேரம் வேறுபாட்டோடு விளையாடிய நகைச்சுவை, இறுதிப் பத்து நிமிடத்தில் வேறுபாட்டையே திரும்பப் பெற்றுக்கொள்கிறது. மேரி மாதாவை நோக்கிப் பாடிய குரல் என்னவாயிற்று என்று கதை கேட்பதில்லை. படம் மகிழ்ச்சியாக முடிகிறது, மகிழ்ச்சிக்கான விலையை ஒருத்தி மட்டுமே செலுத்துகிறாள்.

நால்வகைத் தமிழும் முடியாத கதையும்

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950-இல் தொடங்கியது. இந்திய வானொலியில் திரையிசை சுருங்கிய காலத்தில் தமிழ்நாட்டுக் கேட்பாளர் அதனை நோக்கிச் சென்ற வரலாறு பலரும் அறிந்தது. பாடலுக்காகத் திருப்பிய முள் வேறு பலவற்றையும் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்று 1970-களில் எஸ். ராமதாஸ் எழுதிய கோமாளிகளின் கும்மாளம். ராமதாஸ் மரிக்காராகவும், டி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி.எச். அப்துல் ஹமீட் ஐயராகவும் நடித்தனர். இசுலாமியர் பேசும் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் என நான்கு பேச்சு வழக்குகள் ஒரே உரையாடலில் மோதிக்கொள்வதே நகைச்சுவையின் பொறி.

ராமதாஸ் என்னும் பெயருடையவர் மரிக்காராகவும், அப்துல் ஹமீட் என்னும் பெயருடையவர் ஐயராகவும் பேசியது தற்செயலான பாத்திரப் பங்கீடன்று. தோற்றம் மறைந்த ஊடகத்தில் மட்டுமே இத்தகைய இடமாற்றம் இவ்வளவு இயல்பாக நிகழும். மிஸ்ஸியம்மாவில் மாறுவேடம் கதைக்குள் இருக்கிறது, ஆகவே கதை அதைக் களைந்தாக வேண்டும். இங்கே மாறுவேடம் கதைக்கு வெளியே, நடிகருக்கும் பாத்திரத்துக்கும் இடையே இருக்கிறது. களைய வேண்டிய தேவையே எழவில்லை. மேலும் இது வாராந்தரத் தொடர். மரிக்கார் இந்த வாரம் தோற்றாலும் அடுத்த வாரம் மரிக்காராகவே திரும்பி வருவார். உபாலியின் தமிழ் ஒருநாளும் திருந்தாது, திருந்தினால் தொடர் நின்றுவிடும். வேறுபாடு நீடிப்பதே இவ்வடிவம் உயிர்வாழும் நிபந்தனை. தீர்வை நோக்கி ஓடும் திரைக்கதையால் செய்ய முடியாததை முடிவற்ற வானொலித் தொடரின் அமைப்பே செய்துவிடுகிறது. 1976-இல் இது கோமாளிகள் என்னும் திரைப்படமானபோது முகங்கள் வந்தன, குரல்களின் அந்த விடுதலை குறைந்தது.

இந்நகைச்சுவை குற்றமற்றது என்று கூறவில்லை. உபாலியின் பிழைத்தமிழைக் கேட்டுத் தமிழர் சிரிக்கும்போது அதில் மேட்டிமை கலந்திருக்கும். அதை ஈடுசெய்வது, நால்வரும் முறைவைத்துக் கோமாளியாவது என்ற ஒன்றே. கொங்குத் தமிழ் பேசும் அனுப்பர்பாளையத்துக் கேட்பாளரை எண்ணும்போது இன்னொரு கோணமும் திறக்கிறது. அவருக்கு நான்கு வழக்குகளுமே அயலானவை. உபாலி பிழையாகப் பேசுகிறார் என்று அறிவதற்குக்கூட, அப்புக்குட்டி பேசுவது பிழையன்று, அது வேறொரு தமிழ் என்பதை முதலில் கற்றாக வேண்டும். தன் வழக்கே இயல்பானது, மற்றவை சிரிப்புக்குரியவை என்ற நிலையில் அவரால் எளிதாக அமர இயலாது. அந்நால்வருக்கும் அவருடைய ‘ஏனுங்’ அதே அளவு சிரிப்பூட்டும் என்பதை அவர் உணராதிருக்க வழியில்லை.

இந்த நால்வருள் கிறித்தவருக்கெனத் தனி வழக்கு ஒதுக்கப்படவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நால்வர் திட்டம் சமயத்தைவிடப் பேச்சின் ஒலியையே அளவுகோலாகக் கொண்டது. இலங்கைத் தமிழ்க் கிறித்தவர் பேச்சால் தனித்து ஒலிப்பவரல்லர். அவர்களின் பங்களிப்பு அதே வானொலியில் இசையின் வழியே வந்தது. 1970-களின் தமிழ்ப் பொப்பிசையை நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலியோர் பரப்பினர். அவ்விசையின் தாளத்தில் பைலா கலந்திருந்தது. பைலா என்னும் சொல்லே ஆடுதல் என்னும் பொருள்தரும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்தது. கடற்கரைக் கத்தோலிக்கர், பறங்கியர் ஆகியோரின் விருந்துகளில் வளர்ந்தது. மீன் விற்பவரையும் மாமியையும் பற்றிய குறும்புப் பாடல்கள் அந்தத் தாளத்தில் அமைந்தபோது, கிறிஸ்துமஸ் விருந்தின் ஓசை பண்டிகையின் பெயரில்லாமலே பொது மகிழ்ச்சியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது. திருவிழாவில் ஒலிபெருக்கிக் கட்டுவோரும் கல்யாணப் பந்தலில் இசைத்தட்டுச் சுழற்றியோரும் அதன் மூலத்தைக் கேட்கவில்லை. சுத்தியல் ஓசைக்கு நடுவே பிழைக்கும் இசை எது என்று முன்னர்க் கேட்ட கேள்விக்குப் பைலாவின் ஓங்கிய தாளம் நல்ல விடை.

ஆக, நகைச்சுவையும் இசையும் கிறிஸ்துமஸும் தமிழ் ஒலிவெளியில் இருந்தன. ஆனால் நகைச்சுவை கொழும்பில், பண்டிகையின் தாளம் பொப்பிசையில், பிறப்பின் செய்தி காலைநேரப் பக்திப் பாடலில், கிறித்தவளின் கதை ஒலிச்சித்திரத்தில் என்று சிதறிக் கிடந்தன. முள்ளைத் திருப்பிய கேட்பாளரின் கைதான் அவற்றை ஒரு நாளுக்குள் இணைத்தது.

எஞ்சியிருக்கும் ஒலி

பெத்லகேம் குறவஞ்சி அச்சில் இருக்கிறது. மிஸ்ஸியம்மா படச்சுருளிலும் குறுவட்டிலும் இருக்கிறது. வாராந்தர வானொலி நகைச்சுவையின் நிலை இவற்றுக்கு நேர்மாறானது. ஒலிநாடாவை அழித்து மறுபடி பயன்படுத்துவது அக்கால வானொலி நிலையங்கள் பலவற்றின் வழக்கம். பக்திப் பாடல் அடுத்த ஆண்டும் தேவைப்படும் என்று காக்கப்படும், பெருந்தலைவர் உரை வரலாறு என்று காக்கப்படும், சென்ற வாரத்துச் சிரிப்பை யார் காப்பார்? 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் கொழும்பில் தமிழ்க் கலைஞரின் வாழ்வே குலைந்தது. நான்கு வழக்குகளும் ஒரே அறையில் சண்டையிட்டுச் சிரித்த ஒலிப்பதிவுகள் அதன்பின் பெறும் மதிப்பு, அவை ஒலிபரப்பான காலத்தில் பெற்ற மதிப்பைவிடப் பன்மடங்கு.

தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் வானொலி நாடகம் இதழியல் தாளின் ஓர் அலகாக, எழுதும் முறையைக் கற்பிக்கும் அளவிலேயே இடம்பெறுகிறது. படைப்பாக அது வாசிக்கப்படுவதில்லை, வாசிக்கப் பிரதியும் இல்லை. ஒலிப்பதிவு கிடைக்காத நிலையில் மிஞ்சியிருப்பது கேட்டவர்களின் நினைவு. வாய்மொழி வழக்காறுகளைத் தொகுக்கும் ஆய்வாளர் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடி ஊர்களுக்குச் செல்கின்றனர். பாத்திரப் பட்டறையில் ஐம்பது ஆண்டு சுத்தியல் பிடித்தவரிடம் எந்த வானொலி நகைச்சுவையைத் திருப்பிச் சொல்ல முடியும் என்று கேட்பதும் அதே துறையின் பணியே. அவர் மரிக்காரின் குரலில் சொல்வாரா, உபாலியின் குரலிலா, அல்லது இருவரையும் கொங்குத் தமிழில் பேச வைப்பாரா என்பதில் ஒரு மொழிபெயர்ப்பு வரலாறு அடங்கியிருக்கிறது. சிரித்த காது செவிடாகிக்கொண்டிருக்கும் தொழில் அது. கேட்பதற்கு மிகுந்த காலம் இல்லை.